அப்பளம் கட்டித் தொங்கவிட்டவள்

திண்டிவனம் பஸ் எப்போது வரும் என்று அவள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரிடம் கேட்பாள். முதலில் டைம் கீப்பரிடம், அப்புறம் பூ விற்கிற அம்மாவிடம், கடைசியாகக் காத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரிடம். மூன்று பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால்தான் உட்காருவாள். ஒருவர் மாற்றிச் சொல்லிவிட்டால் பஸ் வரும் வரைக்கும் நின்றுகொண்டே இருப்பாள். ஒருநாள் நான் கூடவே நின்று இதைப் பார்த்தேன். அடுத்து என்னிடம் கேட்பாள் என்று பதிலோடு தயாராக இருந்தேன். கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எதற்கு எழுதினீர்கள் என்று கேட்பாள். நான் ஒரு காரணம் சொல்வேன். அது உண்மையான காரணம்தானா என்று இன்னும் இரண்டு பேரிடம் விசாரிப்பாள்.

கடைத்தெருவில் எங்களுடையது பாத்திரக்கடை. மாமனார் கட்டிடம் எழுப்பியபோது, சரக்கு வைக்க உதவும் என்று பாறையை உடைத்துக் கீழே ஓர் அறை போட்டார். ஊரில் யாரிடமும் இல்லாத அண்டர்கிரவுண்ட் என்று பெருமை வேறு. முதல் மழைக்காலத்திலேயே குட்டு வெளிப்பட்டது. சுவரில் ஈரம் கசிந்து, அடுக்கி வைத்திருந்த பித்தளைக் குடமெல்லாம் கறுத்துப்போயிற்று. அதற்குப் பிறகு அது உடைந்த நாற்காலிக்கும் எலிக்கும்தான் இடம். கடைக்குள்ளிருந்து கீழே இறங்க ஒரு படிக்கட்டும் அதன் தலைப்பில் ஒரு கதவும் உண்டு. பின் சந்தில் ஒரு ஷட்டர். இடம் ஈரமாக இருக்கிறது என்று குறை சொல்லி வாடகையைக் குறைக்கப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்த ஈரம் வருஷம் பூராவும் இருக்குமா, கோடையில் கைவிட்டுவிடுமா என்று கவலையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

காளான் வளர்க்கப் போவதாகச் சொன்னாள். நாற்பது வயசு இருக்கும். காலேஜ் படித்தவள், ரத்தம் பரிசோதிக்கிற ஒரு லேபில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு விட்டவள். எந்த ஊர் என்றேன். தளவானூர் பக்கம் என்றாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நீங்க நெனைக்கிற பக்கம்தாங்க்கா," என்றாள். "எங்களுக்கு மேல நெலம் இல்ல. அதான் கீழ வந்து கேக்கறேன்."

என் வீட்டுக்காரர் அதற்குள் ஷட்டர் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அவருக்கு வாடகை வந்தால் போதும். மறுநாள் காலையில் பார்த்தால் ஷட்டரில் எங்கள் பூட்டு இல்லை, புதுப் பூட்டு தொங்கியது. எங்கள் பூட்டை எண்ணெய் போட்டுத் துடைத்து, சாவியோடு கல்லா மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். என் கட்டிடத்துக்கு என்னிடமே சாவி இல்லை.

அவளுக்கு இரண்டே கவலைதான், சூடு ஒன்று, ஈரம் ஒன்று. சூடு இருபத்தஞ்சிலிருந்து இருபத்தெட்டுக்குள் நிற்க வேண்டும், ஈரம் எண்பத்தஞ்சுக்குக் கீழே இறங்கக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருந்தது. சூட்டைக் குறைக்க ஃபேனைப் போட்டால் ஈரம் ஓடிவிடும். ஈரத்தைக் காப்பாற்ற ஃபேனை அணைத்தால் உள்ளே காற்று கெட்டுப்போகும். காளானும் மூச்சு விடுமாம். அந்த மூச்சு வெளியே போகாவிட்டால் குடை விரியாமல் கழுத்து மட்டும் நீண்டுவிடுமாம். சித்திரை வைகாசியில் செஞ்சியின் மலையெல்லாம் பகல் முழுக்கக் காய்ந்து, ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைத் திருப்பி ஊருக்குள் விடும். அப்படிப்பட்ட ஊரில், காற்று வருகிற துவாரத்தில் நனைத்த கோணியைக் கட்டி, தரையில் ஆற்று மணலைக் கொட்டி அதற்குத் தண்ணீர் தெளித்து, மணிக்கு ஒரு தடவை எண்களைப் பார்த்து அவள் அந்த அறையைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். சொந்த ஊர்க் குடவரைக் கோயிலுக்குள் கத்திரி வெயிலிலும் குளிர்ச்சியாக இருப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம்.

வந்து ஒரு மாசம் இருக்கும். கடைக்கு வந்து, பொரிக்காத அப்பளம் ஒன்று வேண்டும் என்றாள். சாப்பாட்டுக்குக் கேட்கிறாள் என்று வீட்டிலிருந்து ஒரு கட்டு முழுதாக எடுத்து வந்து கொடுத்தேன். அதில் ஒன்றை ஓட்டை போட்டு நூல் கோத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். அவள் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். செருப்பைக் கழற்றி, பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஊற்றிய தட்டில் காலை நனைத்து, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனேன். வைக்கோல் அடைத்த பாலித்தீன் பைகள் உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கின. நடுவில் ஒரு கம்பியில் ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் மீட்டர். பக்கத்தில் கண்ணாடித் தெர்மாமீட்டர் இரண்டு, அதில் ஒன்றின் குண்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஈரத்தைக் கணக்குப் போடலாமாம். அதற்குப் பக்கத்தில் என் அப்பளத்தைக் கட்டித் தொங்கவிட்டாள்.

காற்றில் ஈரம் இருந்தால் அப்பளம் துவண்டுபோகும், காய்ந்தால் விறைக்கும். தினமும் காலையில் பழையதை அவிழ்த்து, தொட்டுப் பார்த்து, தேதி எழுதின சின்னக் கவரில் போட்டு ஒட்டிவிட்டுப் புதுசு கட்டுவாள். பழைய சாட்சியை எறியக் கூடாது என்பாள்.

"மூணு பேரும் ஒண்ணா சொன்னாத்தான் நம்புவேங்க்கா. ரெண்டு பேரு சொல்லி ஒருத்தன் சொல்லலன்னா, நான் எதுவும் செய்யமாட்டேன்."

டிஜிட்டல் மீட்டரின் நெற்றியில் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருந்தது. 'நாலு கூடச் சொல்லும்' என்று எழுதியிருந்தாள். பொய் சொல்கிறதை எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறாய், தூக்கிப் போடு என்றேன்.

"பொய் சொன்னா பரவால்லங்க்கா. எவ்ளோ பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சா போதும். அதையும் வெச்சிக்கலாம்."

அறையின் பின்பாதியில் கறுப்புப் பாலித்தீன் திரை தரை வரைக்கும் தொங்கியது. அந்தப் பக்கம் என்ன என்றேன். வித்து போட்ட பைகள் வெள்ளையாகப் பூக்கும் வரைக்கும் இருட்டில் இருக்க வேண்டும், அங்கே யாரும் போகக் கூடாது என்றாள். யாரும் என்றால் நானும்தான்.

எனக்கு அந்தத் திரை கண்ணை உறுத்த ஆரம்பித்தது அன்றைக்குத்தான். கட்டிடம் எங்களுடையது, அதில் பாதி அறையை நான் பார்க்கக் கூடாதா? எதிரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். சாயங்காலமானால் பின் சந்தில் ஜன்னல் துவாரம் வழியாக நீல வெளிச்சம் தெரிவதை அவர் கவனித்திருந்தார். ஈ பிடிக்கிற விளக்கு என்று அவள் சொல்லியிருந்தாள். ஈ பிடிக்கவா இத்தனை பூட்டு என்றார் அவர். மூட்டை மூட்டையாக வெள்ளைப் பவுடர் இறங்குகிறதே, மூக்கைத் துளைக்கிற மருந்து வாடை வருகிறதே, முகத்தை மூடிக்கொண்டு போகிறாளே என்று அடுக்கினார். ஏதோ ஒரு ஊரில் வீட்டுக்கு அடியில் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்த்துப் பிடிபட்ட வீடியோவை மொபைலில் காட்டினார். அதிலும் கறுப்புத் திரை இருந்தது. பிடித்தால் கட்டிடக்காரரையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, வந்த கஸ்டமருக்குப் புடவையை விரித்துப் போடப் போய்விட்டார்.

அவர் வாய்தான் காரணமாக இருக்க வேண்டும், ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அவள் ஷட்டரைப் பாதி தூக்கி, ஷூவைக் கழற்றச் சொன்னாள். அவர் முறைத்தார்.

"உங்க கால்ல இருக்கிற கிருமிக்கு நீங்க போலீஸ்னு தெரியாது சார்," என்றாள்.

நான் சந்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளும் என்ன நினைத்தாரோ, ஷூவைக் கழற்றி, தட்டில் காலை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தபோது கையில் அரைக் கிலோ காளான் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பார்த்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜவுளிக்கடைக்காரருக்கு வந்தது. முன்னாடி காளான்தான், பின்னாடி என்ன என்று அன்று சாயங்காலமே கேட்டார்.

அவளும் ஒன்றும் எங்களை நம்பிவிடவில்லை. கடைக்குள்ளிருந்து இறங்கும் படிக்கட்டுக் கதவுக்கு எங்கள் பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அதன் குமிழையும் நிலையில் இருந்த ஆணியையும் சேர்த்து அவள் ஒரு கறுப்பு நூலைக் கட்டிவைத்திருந்தாள். கதவைத் திறந்தால் நூல் அறுந்துவிடும். தற்செயலாகப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யாரைப் பார்த்து இந்த நூல் என்று என் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், நீ திறக்கப் போகிறாயா என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் நூல் உனக்கு இல்லை என்றார்.

வைகாசியில் அவளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. கல்யாண மண்டபங்களுக்குச் சமைக்கிற காண்ட்ராக்டர் ஒருவரிடம் ஆறு மாசமாக நடந்து, ஒரே ஒரு கல்யாணத்துக்கு வாங்கியிருந்தாள். ரிசப்ஷனில் காளான் பிரியாணி. நாற்பது கிலோ ஒரே நாளில் வேண்டும். சரக்கு நன்றாக இருந்தால் முகூர்த்தம் தவறாமல் இவளிடமே எடுப்பார். சொதப்பினால் வாசற்படி ஏறக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். யாரிடமும் எதையும் சொல்லாதவள், கல்லாவுக்கு எதிரில் நின்று இதை எங்களிடம் சொன்னாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அன்னிக்கு எங்க நைனாவ கூட்டியாந்து மொதக் கொத்த அவரு கையால அறுக்க வெக்கணுங்க்கா," என்றாள். "காலமெல்லாம் ஊரான் கழனிலயே அறுத்தவரு. தன்னோடதுன்னு ஒண்ணும் அறுத்ததில்ல."

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் செஞ்சி வழியாகத்தான். காலையிலிருந்தே கடைத்தெரு நெரியும். எங்கள் கடையில் அமாவாசைக்கு அமாவாசை சாம்பிராணி போடுவது மாமனார் காலத்து வழக்கம். கல்லா, கிடங்கு, கக்கூஸ் வாசல் வரைக்கும் ஒரு மூலை விடாமல் புகை காட்ட வேண்டும். அவள் வந்ததிலிருந்து கீழ் அறைக்கு மட்டும் காட்டவில்லை. புகை பட்டால் காளான் கெட்டுவிடும் என்று முதல் மாசமே சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு அவள் காண்ட்ராக்டரைப் பார்க்கத் திண்டிவனம் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் கடை வாசலில் ஆட்களோடு நின்றார். நான் தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் தலைப்பில் நின்றேன். இத்தனை மாசமாகக் கீழே புகை காட்டவில்லை, கடைக்கு ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது சாம்பிராணி இல்லை, திரை. சாமி காரியம் என்று பேர் வைத்துவிட்டால் எந்தக் கதவையும் திறக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

நூலை அறுத்தேன். இறங்கினேன். காலை நனைக்கிற தட்டை மறந்துபோனேன். உள்ளே பைகளின் ஓட்டையெல்லாம் வெள்ளை மொட்டுகள், அரிசிப் பொரி சைஸில், நூற்றுக்கணக்கில் இருந்தன. நேராகத் திரையிடம் போய் விலக்கினேன். பைகள்தான். வெள்ளை பூத்த பைகள், வெள்ளை பூக்காத பைகள், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கஞ்சாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏமாற்றமாக இருந்தது, அதுதான் உண்மை.

வந்ததற்குச் சாம்பிராணியாவது ஒழுங்காகப் போடுவோம் என்று நெருப்புக் கங்குகளை ஊதி, இரண்டு கை அள்ளிப் போட்டேன். புகையை எழும்ப எழும்ப எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்துக்கொண்டு போனது. மூலையில் புகை தங்கினால்தானே பலன். ஃபேனை அணைத்தேன். தூபக்காலை நடு அறையில், அந்தக் கம்பிக்குக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வருவோம் என்று மேலே ஏறினேன். மலையனூருக்குப் போகிற ஒரு கூட்டம், பதினைந்து பேர், பொங்கல் வைக்கப் பானை கேட்டு உள்ளே நுழைந்தது. அப்புறம் இன்னொரு கூட்டம் வந்தது. எனக்கு ஃபேன் ஞாபகம் வந்தபோது மணி நாலு.

ஓடினேன். புகை இன்னும் கண்ணைக் கரித்தது. உள்ளே எங்கள் சமையலறை மாதிரி புழுங்கியது. ஃபேனைப் போட்டேன். கால் தடத்தை மணலில் கலைத்தேன். தூபக்காலை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தாழிட்டு, அறுந்த நூலின் இரண்டு முனையையும் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டேன். ஆறரைக்கு அவள் வந்தாள். கட்டிடம் முழுக்கவே சாம்பிராணி வாசனை, அமாவாசைதானே.

இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. மொட்டில் பாதி மஞ்சளாகிக் கருகியது. மிச்சம் கழுத்து மட்டும் விரல் நீளத்துக்கு வளர்ந்து, தலை பட்டன் அளவில் நின்றுவிட்டது. அவள் அழுததை நான் பார்க்கவில்லை. வைக்கோல் எடுத்த இடத்துக்குப் போய்க் கேட்டாள், வித்து வாங்கிய இடத்துக்குப் போன் போட்டாள், அன்றைக்குக் கரன்ட் போச்சா என்று லைன்மேனை விசாரித்தாள். கடைசியில் எங்கள் கடைக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் இல்லை. நான் மட்டும் எவர்சில்வர் டம்ளரை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அமாவாச அன்னிக்கு நீங்க கீழ போனீங்களா?"

குரலில் கோபமே இல்லை. மீட்டரைப் பார்க்கிறபோது இருக்குமே, அந்த முகம்தான். போனேன் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. நான் டம்ளரை அடுக்கினேன்.

"நான் எதுக்குமா அங்க வரப்போறேன்?"

அவள் தலையை ஆட்டினாள். "சரிங்க்கா," என்றாள். வேறு யாரிடமும் போய்க் கேட்கவில்லை. இத்தனை நாளில் ஒரே ஆள் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டு போனது அன்றைக்குத்தான். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கல்யாணத்து நாள் காலையில் அவள் நைனா வந்தார். வர வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. வெளுத்த வேட்டி கட்டி, இடுப்பில் நெல் அறுக்கிற கருக்கரிவாளைத் துணியில் சுற்றிச் செருகிக்கொண்டு வந்திருந்தார். காளானுக்கு எதற்கு அரிவாள். அவள் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மூலைப் பையில் தேறியிருந்த ஒரே கொத்தை அவர் அறுத்து, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு சந்துக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நீட்டிக் காட்டினார். மிச்சமெல்லாம் இந்தப் பாழாய்ப்போன வெயிலில் போய்விட்டது என்றார். ஆமாம், இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்று நானும் சொன்னேன்.

அடுத்த மாசமே அவள் காலி செய்தாள். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மணலை வாரி, சுவரைக் கழுவி, எங்கள் பழைய பூட்டையே ஷட்டரில் மாட்டிக் கொடுத்தாள். வண்டியில் மூட்டைகள் ஏறிய பிறகு கடைக்குள் வந்தாள். என் முன்னால் ஒரு சின்னக் கவரை வைத்தாள்.

"உங்க அப்பளம் ஒண்ணு எங்கிட்டயே இருந்திச்சிங்க்கா."

வண்டி போன பிறகுதான் கவரைப் பார்த்தேன். மேலே அமாவாசைத் தேதி எழுதியிருந்தது. ஒட்டியதைப் பிரித்ததும் வந்தது வாசனை. உளுந்து வாசனை இல்லை, சாம்பிராணி. தூபக்காலுக்கு நேர் மேலே நாலு மணி வரைக்கும் தொங்கிய அப்பளம் குடித்து வைத்திருந்த சாம்பிராணி. அதன் ஓட்டையில் ஒரு துண்டுக் கறுப்பு நூலைக் கோத்திருந்தாள். அதில் ஒரு முடிச்சு. பூ கட்டிப் பழகின கை போடுகிற இரட்டைச் சுருக்கு, என் கை தானாகப் போட்டது. கல்லாவில் உட்கார்ந்தபடி தினம் அரை முழம் மல்லியை நானேதான் கட்டி வைத்துக்கொள்கிறேன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

அப்படியென்றால் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்த அன்றைக்கே அவளிடம் நூல் இருந்தது, அப்பளமும் இருந்தது. மூன்றாவது சாட்சிக்குத்தான் அவள் கடைக்கு வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் என்னிடம் கேட்காதவள் அன்றைக்கு என்னிடம் கேட்டாள். நான் மாற்றிச் சொன்னேன். மூன்று பேரும் ஒன்றாகச் சொல்லாததால் ஒன்றும் செய்யாமல் போய்விட்டாள்.

கவரின் பின்பக்கத்தை நான் அன்று இரவு விளக்கைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மீட்டர் நெற்றியில் ஒட்டியது மாதிரி, நான் எவ்வளவு கூடச் சொல்வேன், எவ்வளவு குறையச் சொல்வேன் என்று ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று. ஒன்றும் எழுதவில்லை. அந்த மீட்டரை அவள் பத்திரமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.